மூன்று கொட்டேஷனும் ஒரு வெற்றிலையும்

காலை எட்டே காலுக்குப் பாபநாசத்தில் ஆற்றங்கரைத் தோப்பின் வாசலில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. ஒரே நிறத்தில் பனியன் போட்ட நான்கு பேர் கயிறு, பந்து, ஒலிபெருக்கி சகிதம் இறங்கினார்கள். அவர்கள் வருவார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் அலுவலகத்தின் ‘டீம் பில்டிங்’ நாளை நடத்தித் தர அவர்களைத் தேர்ந்தெடுத்தவனே நான்தான்.

எட்டு இருபதுக்குச் சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்று வந்து வேனுக்குப் பின்னால் நின்றது. இரண்டு அண்டா, ஒரு மூட்டை தேங்காய், ஈரச் சாக்கில் சுற்றிய வாழை இலைக் கட்டு. டிரைவருக்குப் பக்கத்திலிருந்து வேட்டியை மடித்துக் கட்டியபடி ஓர் அண்ணாச்சி இறங்கினார். இவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் இவரையும்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்பது அடுத்த இரண்டு நிமிடத்தில் ஊரறியத் தெரிந்துவிட்டது.

அதிர்ச்சியில் வாயடைத்துப் போவது என்பார்கள். என் வாய் அடைத்து அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்று ஒரே பகலில் மூன்று தடவை பார்த்தார்கள்.

எங்கள் அலுவலகம் தச்சநல்லூரில், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போட்டு அனுப்ப வேண்டும். அதுதான் வேலை. கிளி கொத்தினால் ஒரு எண். ஆமை இடித்தால் ஒரு எண். சிரிக்காதீர்கள், நிஜமாகவே உண்டு. நான் எண் போடுகிறவன் அல்ல, நிர்வாகம். அதாவது ஏசி ஓடாவிட்டால், காப்பித்தூள் தீர்ந்துவிட்டால், பாத்ரூம் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டால் என்னைக் கூப்பிட்டுக் கத்துவார்கள். மீதி நேரத்தில் எல்லாரையும் சிரிக்க வைப்பது நானே இழுத்துப் போட்டுக்கொண்ட வேலை. எனக்குக் குரல் மாற்றிப் பேச வரும். சென்னையில் இருக்கும் எங்கள் பெரிய அதிகாரியின் குரல், கீழே பாத்திரக் கடைக்காரரின் குரல், எல்லாவற்றுக்கும் மேலாக, எங்கள் அக்காவின் குரல். அக்கா குரலை மட்டும், பிரிவுத் தலைவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாதபோதுதான் செய்வேன்.

அக்கா என்றால் எனக்கு மட்டும் அக்கா இல்லை. மொத்த அலுவலகத்துக்கும். சரிபார்க்கும் பிரிவுக்குத் தலைவி. சைவக் குடும்பம், நெற்றியில் கோடு மாறாத திருநீறு, எழுத்தில் ஒரு புள்ளி தப்பினாலும் சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புகிறவர். எண் போடும் பிரிவுக்குத் தலைவர் கடலோர ஊரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவரைக் கடற்கரைக்காரர் என்று சொல்லிக்கொள்கிறேன். இவர் போடுவதை அக்கா பார்க்க வேண்டும். அக்கா திருத்துவதை இவர் கேட்க வேண்டும். மாமியாரும் மருமகளும் போல இரண்டு பிரிவும் ஒரே அடுப்பில்தான் பொங்கியாக வேண்டும்.

ஆனால் எட்டு மாதமாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் யாருக்கும் தெரியாது. கடற்கரைக்காரர் மத்தியானச் சாப்பாட்டைக்கூட மாடிப்படியில் உட்கார்ந்து முடித்துக்கொள்வார். கேட்டால், “இங்கன காத்து வருதுவே” என்பார். அக்காவிடம் கேட்டால், “நான் வட்டம் போட்டதுல அவருக்குக் கோவம் போல. என் வேலைய நான் செய்யுதேன்” என்பார். நடுவில் காகிதம் சுமந்து ஓடியது நான். எட்டு மாதத்தில் நான்கு கிலோ இறங்கியிருந்தேன் என்பதைத் தவிர அதில் நல்லது ஒன்றுமில்லை.

விஷயம் சென்னைக்குப் போய்விட்டது. பெரிய அதிகாரி போனில் சொன்னார்: “ஒரு நாள் டீம் பில்டிங் வைங்க. நல்ல ஆளாப் பாத்து ஏற்பாடு பண்ணுங்க. அதுக்கப்புறமும் ரெண்டு பேரும் இப்படியே இருந்தா, செக்கிங் டீமை சென்னைக்கு எடுத்துக்கறேன். அவங்க இங்க வந்துடட்டும்.”

அக்கா சென்னைக்குப் போக முடியாது. மகள் பிளஸ் டூ. கணவர் அம்பாசமுத்திரத்தில் வாத்தியார். சென்னை என்றால் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போவது என்றுதான் பொருள். பதினொரு வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர். செய்தியை நான்தான் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, “நல்ல ஆளாப் பாருங்க தம்பி” என்றார். அவ்வளவுதான். அதைச் சொன்ன குரலை மட்டும் நான் யாருக்கும் செய்து காட்டவில்லை.

பார்த்தேன். மூன்று பேரைப் பார்த்தேன். விலையில் பெரிய வித்தியாசம் இல்லாததால் புத்தியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. ஆபத்தே அங்கேதான்.

முதல் ஆள், குற்றாலம் போகும் ரோட்டில் உள்ள ஒரு ரிசார்ட்டின் மேனேஜர். “ரெயின் டான்ஸ் இருக்கு சார், டிஜே இருக்கு சார்.”

“பேசாத ரெண்டு பேரப் பேச வைக்கணும். அதுக்கு என்ன இருக்கு?”

“அதெல்லாம் கவலையே வேண்டாம் சார். சவுண்டக் கூட்டி வச்சிருவோம். யாருமே பேச வேண்டிய தேவை வராது.”

இரண்டாவது, சென்னைக் கம்பெனி. கம்ப்யூட்டர் திரையிலேயே பேசி முடித்தார்கள். பயிற்சியாளர் ஒரு துடிப்பான இளைஞர். நாற்பது பக்கம் ஓட்டிக் காட்டினார். எல்லாப் பக்கத்திலும் யாரோ யார் தோள் மீதோ கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். “ஒருத்தர் கண்ண மூடிட்டுப் பின்னாடி சாய்வார் சார். இன்னொருத்தர் பிடிச்சுப்பார். அது நம்பிக்கை.”

“பிடிக்கலன்னா?”

“அதுவும் ஒரு பாடம்தான் சார்.”

ஆபத்துகளுக்கென்றே தனியாக ஒரு பக்கம் வைத்திருந்தார்கள். பாம்பு, வெள்ளம், தேனீ, வெயில். ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன செய்வார்கள் என்று எழுதியிருந்தது. நான் மயங்கிவிட்டேன்.

மூன்றாவது ஆள் எங்கள் தெருவிலேயே இருந்தார். கல்யாணச் சமையல் எடுத்துச் செய்கிற அண்ணாச்சி. அவர் கடைப் பலகையில் திருமணம், சடங்கு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று பழைய எழுத்திலும், கடைசியில் இடமில்லாத மூலையில் ‘டீம் பில்டிங்’ என்று புதுப் பச்சைப் பெயின்ட்டிலும் எழுதியிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாலு நாளைக்கு அலுவலகத்தில் சொல்லிச் சிரிக்கக் கதை கிடைக்கும் என்றுதான் உள்ளே போனேன். அதுதான் உண்மை.

“வாரும்வே, இரியும். என்ன விசேஷம்?”

சொன்னேன். அக்கா, கடற்கரைக்காரர், சென்னை, எல்லாவற்றையும். அவர் பாக்கு வெட்டிக்கொண்டே கேட்டார்.

“ஆக, ரெண்டு வகையறா. ஒண்ணு சேரணும்.”

“ஆமா அண்ணாச்சி.”

“அப்பம் சொதிதான்.”

எங்கள் பக்கத்துச் சைவக் கல்யாணங்களில், கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் மறுவீட்டுப் பந்திக்குத் தேங்காய்ப்பாலில் வைக்கும் குழம்பு சொதி. கூட இஞ்சிப் பச்சடி இருக்கும். முதல் நாள் தாலி கட்டும் அவசரத்தில் முறைத்துக்கொண்ட சம்பந்திகள் மறுநாள் சொதியில்தான் இறங்கி வருவார்கள் என்று பேச்சு.

“வெளையாட்டு ஒண்ணும் கிடையாதா அண்ணாச்சி? கயிறு, பந்து?”

“பந்திய விட என்னவே வெளையாட்டு? பாதிப் பேர் உக்காரட்டும், பாதிப் பேர் பரிமாறட்டும். பொறவு மாத்து. ஒருத்தன் இலையப் பாத்து, அவன் கேக்கும் முன்ன ஊத்தத் தெரிஞ்சவன்தான் ஆளு. பேசாதவன்கூட, போதும்னு கையக் காட்டியாவது பேசியாகணும்லா. எந்தத் தேதி, எங்கன?”

“அடுத்த மாசம் ரெண்டாவது சனிக்கெழம. பாபநாசத்துல, ஆத்தோரத் தோப்பு ஒண்ணு எடுத்திருக்கோம்.”

“எத்தன இலை?”

“முப்பத்தெட்டு.”

அவர் தலையாட்டிவிட்டு ஒரு தட்டை என் முன்னால் நகர்த்தினார். இரண்டு வாழைப்பழம், கொட்டைப்பாக்கு, கொழுந்து வெற்றிலை. வெற்றிலை என்றால் எனக்கு உயிர். “பாத்துச் சொல்லுதேன் அண்ணாச்சி” என்று சொல்லிக்கொண்டே இரண்டு வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளி, சுண்ணாம்பு தடவி, வாயில் போட்டு மென்றேன். ஒரு பழத்தைப் பையிலும் போட்டுக்கொண்டேன்.

இதை இந்த ஊர்க்காரர்கள் படித்தால் இந்த இடத்தில் தலையில் கை வைத்திருப்பார்கள். எனக்கும் தெரியாததில்லை. என் தங்கை கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசி முடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். தேதி, இடம், இலை மூன்றையும் கேட்டுவிட்டுத் தட்டை நீட்டினால் அது உபசாரம் இல்லை. எடுத்தால் முடிந்தது பேச்சு. அதற்குப் பிறகு கல்யாணமே நின்றாலும் சமையல்காரர் வருவார். வாய் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும். எங்கள் ஊரில் “பாத்துச் சொல்லுதேன்” என்பதை யார் கணக்கில் எடுத்தார்கள்? கை என்ன எடுத்தது என்பதுதான் கணக்கு. ஆனால் நான் அன்று கம்பெனிக்காரனாகப் போயிருந்தேன். கொட்டேஷன், மெயில், பர்ச்சேஸ் ஆர்டர் என்று ஒன்றும் இல்லாமல் உலகத்தில் எதுவும் முடிவாகாது என்ற ஞானத்தோடு போயிருந்தேன். வெற்றிலையை வெறும் வெற்றிலை என்று நினைத்துவிட்டேன்.

பிறகு சென்னைக் கம்பெனிக்கு ஆர்டர் போட்டேன். ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டால், பெரிய அதிகாரிக்கு அனுப்ப நாற்பது பக்கம் இருந்தது, அவ்வளவுதான். சொதி என்று மெயிலில் எப்படி எழுதுவது? அண்ணாச்சியிடம் போய், “இல்லை, வேறு ஆள் பார்த்துவிட்டோம்” என்று சொல்ல வேண்டும் என்று இரண்டு தரம் நினைத்தேன். நேரில் ‘இல்லை’ என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. வேடிக்கை சொல்லத்தான் வரும். அவர் கடை வழியாகப் போவதை நிறுத்தி, பின்தெரு வழியாக வர ஆரம்பித்தேன்.

இப்போது தோப்பு வாசலுக்கு வருவோம். பயிற்சியாளர் கையில் பேப்பரோடு நின்றார். அண்ணாச்சி இடுப்பில் கையோடு நின்றார். சுற்றி முப்பத்தெட்டுப் பேர். நடுவில் நான்.

“சார், இவங்க யாரு? கேட்டரிங் எங்க பேக்கேஜ்லயே இருக்கே. பர்ச்சேஸ் ஆர்டர் இருக்கு பாருங்க.”

அண்ணாச்சி அந்தப் பேப்பரைப் பார்க்கவேயில்லை. என்னைப் பார்த்தார். “வெத்தல எடுத்தீரா இல்லையாவே?”

“அது வந்து அண்ணாச்சி, நான் பாத்துச் சொல்லுதேன்னு…”

“அதக் கேக்கல. எடுத்தீரா இல்லையா?”

“ஒரு ரெண்டு…”

“பழம்?”

“...ஒண்ணு.”

கூட்டத்தில் ஒரு மூச்சு இழுத்தது கேட்டது. போன மாதம் சேர்ந்த, இருபது வயதுப் பிள்ளைகள்கூட என்னைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். “சார், வெத்தல எடுத்துட்டா இன்னொருத்தருக்கு ஆர்டர் குடுத்தீய?” பயிற்சியாளர் மட்டும், “எடுத்தா என்ன? இலைதானே?” என்றார்.

அக்கா முன்னால் வந்தார். “தம்பி, வெத்தல எடுத்தா எடுத்ததுதான். அண்ணாச்சி சமைக்கட்டும்.”

கூட்டத்தின் கடைசியில், வேப்பமரத்தைப் பார்த்தபடி கடற்கரைக்காரர் சொன்னார்: “அவுக சொல்லுதது சரிதான்.”

அக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. மரத்திடம்தான் சொன்னார். ஆனாலும் எட்டு மாதத்தில் அவர்கள் இருவருக்கும் ஒத்துப்போன முதல் கருத்து அது. நான் அயோக்கியன் என்பதில் இரண்டு பிரிவும் ஒன்று சேர்ந்திருந்தன. டீம் பில்டிங் ஆரம்பித்துவிட்டது என்று மனதுக்குள் ஒரு வேடிக்கை தோன்றியது. வெளியே சொல்லத்தான் வாய் வரவில்லை. இது முதல் தடவை.

காலையில் பயிற்சியாளர் விளையாட்டு நடத்துவது, மத்தியானம் அண்ணாச்சி பந்தி போடுவது என்று முடிவாயிற்று. இரண்டு பேருக்கும் நான் எப்படிச் சமாளித்துக் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். அதை என் வீட்டிலேயே சொல்லவில்லை.

கயிற்றுப் போட்டி நன்றாகப் போயிற்று. பின்னால் சாயும் விளையாட்டில் அக்கா சாய மாட்டேன் என்றுவிட்டார். “யார் பிடிப்பான்னு தெரியாம நான் ஏன் சாயணும்?” பயிற்சியாளர் அதை ஒரு நல்ல பாடம் என்று குறித்துக்கொண்டார். அடுத்தது குரல் விளையாட்டு. ஒருவர் கண்ணைக் கட்டிக்கொள்ள வேண்டும். எதிரே ஒருவர் வந்து ஒரு வாக்கியம் பேசுவார். யார் என்று சொல்ல வேண்டும். கூட வேலை செய்கிறவரின் குரலை நாம் எவ்வளவு கவனிக்கிறோம் என்று காட்டுவதற்காம்.

கடற்கரைக்காரருக்குக் கண்ணைக் கட்டினார்கள். அக்கா தள்ளி, மாமரத்தடியில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் முறை வந்தது. காலையில் இழந்த மானத்தை மீட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்குமா? தொண்டையைச் செருமிக்கொண்டு அக்காவின் குரலில் சொன்னேன்: “என்னங்க இது, எந்த ஊர்க் கணக்கு? திருப்பி அனுப்புங்க!”

எல்லாரும் குலுங்கினார்கள். கடற்கரைக்காரர் சிரிக்கவில்லை. அவர் முகம் கல்லானது. “அக்கா” என்றார்.

சிரிப்பு வெடித்தது. அவர் கட்டை அவிழ்த்தார். எதிரே நான், இளித்துக்கொண்டு. திரும்பினார். அம்பது அடி தள்ளி அக்கா, கையில் டம்ளரோடு. மறுபடி என்னைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்து ரத்தம் இறங்கிப்போவதை நான் பார்த்தேன். கோபம் வரும்போது சிவப்பார்கள் என்பார்கள். இவர் வெளுத்தார்.

என் சட்டைக் கையைப் பிடித்துத் தள்ளிக் கொண்டுபோய்ப் பையக் கேட்டார்: “அன்னைக்கும் நீருதானா?”

“என்னைக்கு?”

“‘சன்னலையெல்லாம் தொறந்து வைங்கம்மா, கடல் உள்ள வருது.’ அது நீரா?”

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் எல்லாம் புரிந்துவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன்னால் அவர் மகளுக்கு மாதா கோயிலில் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்துக்கு மொத்த அலுவலகத்துக்கும் ஊரிலிருந்து பொரித்த மீன் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருந்தார். நான் தட்டோடு காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் சாப்பாட்டறையில் நாலு பேரைச் சிரிக்க வைக்க, அக்காவின் குரலில் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அக்கா அப்போது ஏதோ மீட்டிங்கில், அறையில் இல்லை. ஒரு சிரிப்பு. அது முடிந்ததும் நானே மறந்துபோனேன். கடற்கரைக்காரர் அப்போது மாடிப்படியில், தூக்குவாளியோடு ஏறிக்கொண்டிருந்திருக்கிறார். தடுப்புக்குப் பின்னாலிருந்து அக்காவின் குரல், அக்காவின் வார்த்தை. அவர் அப்படியே திரும்பிக் கீழே போய், வாளியைப் பாத்திரக் கடை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு மேலே வந்து, “பஸ்ல கெட்டுப் போச்சுவே” என்றார்.

“மீன் கொண்டாரேன்னு ஏமாத்திட்டீரே” என்று அவரை ஒரு வாரம் கேலி செய்ததும் நான்தான்.

“மக புதுநன்ம மீனுய்யா அது,” என்றார். “எட்டு மாசம் படியில இருந்து தின்னுருக்கேன். அவுக மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னு.”

இது இரண்டாவது தடவை. வாயைத் திறந்தேன், என் குரலே வரவில்லை. யார் குரலையாவது கடன் வாங்கலாமா என்றுகூடத் தோன்றியது. பாருங்கள், அந்த நேரத்திலும் புத்தி அப்படித்தான் போகிறது.

“நான் சொன்னா அக்கா நம்ப மாட்டாவ,” என்றார் அவர். “நீரே போய்ச் சொல்லும்.”

அந்த நேரத்தில் வேன் பக்கம் கூச்சல். கம்பெனி கொண்டுவந்த சாண்ட்விச் பெட்டிகளைக் குரங்குகள் பிடித்துவிட்டன. பாபநாசத்துக் குரங்குக்குப் பெட்டி பிரிக்கத் தெரியும். ஒன்று மரக்கிளையில் உட்கார்ந்து, வெள்ளரிக்காயை மட்டும் பொறுக்கி எறிந்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஆபத்துகளின் பக்கத்தில் பாம்பும் வெள்ளமும் தேனீயும் இருந்தன, குரங்கு இல்லை. பயிற்சியாளர் வாயைப் பிளந்து நின்றார். அண்ணாச்சி அண்டாவின் மூடியை எடுத்துக்கொண்டே சொன்னார்: “அழாதிய தம்பி, உங்களுக்கும் சேத்து நாலு இலை போட்டாச்சு.”

பந்தி. முதல் வரிசையில் அக்காவின் பிரிவு உட்கார்ந்தது. கடற்கரைக்காரரின் பிரிவு பரிமாற நின்றது. நிர்வாகம் எந்தப் பிரிவு என்று நான் கேட்டேன். அண்ணாச்சி என் கையில் உப்புக் கிண்ணத்தைக் கொடுத்தார். பந்தியில் அதற்குக் கீழே வேலை கிடையாது.

இலை இலையாக உப்பு வைத்துக்கொண்டு அக்காவின் இலைக்கு வந்தேன். உட்கார்ந்தேன். சொன்னேன். மீன், மாடிப்படி, சன்னல், குரல் என்று கோர்வையில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன்.

அக்கா உப்பைப் பார்த்தபடி கேட்டுவிட்டு, “உங்களுக்கு எல்லாமே வெளையாட்டுத்தான் தம்பி,” என்றார். “என் வேல போகப் போவுது. இன்னைக்குமா?”

நம்பவில்லை. இத்தனை வருஷமாகச் சிரிக்க வைத்தவன் ஒரு நாள் நிஜம் சொன்னால் யார் நம்புவார்கள்? கையெடுத்துக் கும்பிட்டேன். அதையும் நாடகம் என்று நினைத்தார். சொதி வாளியோடு இரண்டு இலை தள்ளிக் கடற்கரைக்காரர் நின்றிருந்தார். ஊற்றாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லை. அக்காவின் முகத்துக்கு நேராக, அக்காவின் குரலில், “சன்னலையெல்லாம் தொறந்து வைங்கம்மா, கடல் உள்ள வருது” என்றேன்.

பந்தி முழுக்க நின்றுவிட்டது. கைகள் இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றன. அண்ணாச்சிகூடக் கரண்டியோடு நின்றார். நான் செய்ததிலேயே அச்சு அசலாக வந்த குரல் அதுதான். என் வாழ்நாளில் யாரும் சிரிக்காத குரலும் அதுதான்.

அக்கா உப்பை விரலால் இலை ஓரத்துக்கு ஒதுக்கினார். பிறகு, ரொம்பச் சின்னக் குரலில் கேட்டார்: “என் குரல் இப்படியா இருக்கு?”

அதற்கு என்ன பதில் சொல்வது? ஆமாம் என்றால் ஒரு பாவம், இல்லை என்றால் இன்னொரு பாவம். மூன்றாவது தடவை வாயடைத்துப் போனேன்.

அக்கா என்னைத் தாண்டிக் கடற்கரைக்காரரைப் பார்த்தார். “எட்டு மாசமா, நான் சொன்னேன்னு நெனச்சீங்களா?”

“ஆமா.”

“ஒரு வார்த்த எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்லா?”

“நீங்களும் கேக்கலயே, ஏன் படியில இருந்து திங்குதீருன்னு.”

அக்கா கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். “உங்க மக புதுநன்மைக்கு நான் ஒரு வாழ்த்துக்கூடச் சொல்லல” என்றார். கொஞ்சம் கழித்து, “ஊத்துங்க, ஆறுது” என்றார்.

அவர் ஊற்றினார். போதும் என்று அக்கா கை காட்டவில்லை. சோற்றுக் கரை உடைந்து சொதி இலை விளிம்புக்கு ஓடும்வரை இருவரும் கவனிக்கவில்லை. அண்ணாச்சிதான் ஓடிவந்து, “போதும்வே, தேங்காப்பாலு! ஆறு அங்கன ஓடுது, இங்கன எதுக்கு இன்னொண்ணு?” என்று வாளியைப் பிடித்தார்.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. அடுத்த பந்தியில் கடற்கரைக்காரர் உட்கார்ந்தபோது அக்கா இஞ்சிப் பச்சடி வைத்தார். ஆனால் இருவரும் பெரிதாகப் பேசவில்லை. அண்ணாச்சி புறப்படும்போது என் தோளில் தட்டி, “வெத்தல போடுதீரா?” என்று தட்டை நீட்டினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன்.

திங்கட்கிழமை பெரிய அதிகாரி கூப்பிட்டார். “சொல்லுங்க, யாரால பிரச்சினை?” நான் என் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் விடாமல் சிரித்தார். “உங்களுக்கு எப்பவும் ஜோக்குதான்” என்றார். நல்லவேளை, அக்காவும் கடற்கரைக்காரரும் பக்கத்தில் இருந்தார்கள். இனி காகிதம் நேராகக் கைமாறும், நடுவில் ஆள் வேண்டாம் என்று இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள். அந்த ‘ஆள்’ என்னும்போது இருவரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். செக்கிங் பிரிவு தச்சநல்லூரிலேயே இருக்கும் என்று முடிவாயிற்று.

போனை வைத்ததும் தண்டனையைச் சொன்னார்கள். சொன்னது கடற்கரைக்காரர்; அக்கா சரிபார்த்தார். எட்டு மாதம் நான் மாடிப்படியில்தான் சாப்பிட வேண்டும். காற்று வருகிறது என்று அவர் சொன்னது பச்சைப் பொய். கீழே பாத்திரக் கடையில் பித்தளை தட்டும் சத்தம்தான் வருகிறது.

இதை எழுதும்போது மூன்றாவது மாதம். போன வெள்ளிக்கிழமை கடற்கரைக்காரர் தூக்குவாளியோடு படியேறினார். பொரித்த மீன் வாசனை. நான் தயிர்சோற்றுடன் நிமிர்ந்து பார்த்தேன். “கொஞ்சம் வழி விடும்வே” என்று என்னைத் தாண்டி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. உள்ளே பேச்சு, தட்டுச் சத்தம். அக்காவின் நாற்காலி சன்னல் பக்கம் இழுபடும் சத்தம். அது அவர் எப்போதும் உட்காருகிற இடம்தான்.

அப்புறம் ஒரு குரல் கேட்டது. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் இளிப்பு, வார்த்தை முடியும் முன்பே தானே சிரிக்கத் தயாராகிற ஒரு குரல். “ஏய், யாராச்சும் எனக்கு ஒரு துண்டு கொண்டு வாங்கவே! நான் படியிலதான இருக்கேன்!”

அறை அதிரச் சிரித்தார்கள். எல்லாருக்கும் மேலே கடற்கரைக்காரரின் சிரிப்பு கேட்டது. “அக்கா, இன்னொரு தரம், இன்னொரு தரம்!”

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது. என் குரல் இப்படியா இருக்கு?